வாத்தியாருக்கு எதற்குச் சங்கம்?

“படித்த வேலைக்குப் போகிறாய். சங்கம் கிங்கம் என்று எதிலும் சேராதே, வேலையைப் பார்.”

மகனோ மகளோ கல்லூரியில் விரிவுரையாளராகச் சேரும் நாளில் நம் வயதுக்காரர்கள் தவறாமல் சொல்லி அனுப்பும் புத்திமதி இது. ஆலைக்குப் போகிற பிள்ளைக்குக்கூட இவ்வளவு அழுத்திச் சொல்வதில்லை. சங்கம் என்றால் சிவப்புக் கொடி, கேட் மீட்டிங், கூலி உயர்வு. படித்தவனுக்கு அது கௌரவக் குறைச்சல். இப்படித்தான் நம் மனதில் ஊறிப்போயிருக்கிறது. இந்தப் புத்திமதியைத் தயவுசெய்து நிறுத்துங்கள் என்று கேட்கத்தான் இன்றைக்கு எழுத உட்கார்ந்தேன். சம்பளத்துக்காகக் கேட்கவில்லை. ஒரு கல்லூரி ஆசிரியர் உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டுமானால், சங்கத்தைத் தவிர அவருக்கு வேறு காப்பு கிடையாது. அதற்காகக் கேட்கிறேன்.

எங்கள் தெருவில் அண்ணன் தம்பி இருவர். தம்பி ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் முடித்து, கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் நிரந்தரத் தொழிலாளி. அண்ணன் எம்.இ. முடித்து, பிஎச்.டி.க்கும் பதிவு செய்துவிட்டு, நம் மாவட்டத்திலேயே ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் உதவிப் பேராசிரியர். வீட்டில் பெருமை யாருக்கு என்று சொல்ல வேண்டியதில்லை.

இரண்டு வருடம் முன்பு தம்பி வேலை செய்யும் இடத்தில் ஒரு பிரஸ் இயந்திரத்தில் கைக்காப்புத் தடுப்பைக் கழற்றிவிட்டு ஓட்டச் சொன்னார்கள். உற்பத்தி வேகமாக நடக்குமாம். இவன் முடியாது என்றான். ‘ஒழுங்கீனம்’ என்று சஸ்பெண்ட் செய்தார்கள். சங்கக் கமிட்டி தொழிலாளர் துறை அதிகாரியிடம் மனு கொடுத்தது, பேச்சுவார்த்தை நடந்தது, ஒன்றரை மாதத்தில் திரும்ப வேலைக்குப் போனான். தடுப்பும் திரும்ப மாட்டப்பட்டது.

அண்ணன் கதை வேறு. அவன் துறையின் ஆய்வகத்தில் ஆறு சோதனைகளுக்கு வேண்டிய கருவி இல்லை. ஆனால் மாணவர்களின் ரெக்கார்டு நோட்டில் அந்த ஆறும் செய்ததாக இருக்க வேண்டும், இவன் கையெழுத்துப் போட வேண்டும். துறைத் தலைவரிடம் மெதுவாகச் சொல்லிப் பார்த்தான். அவர் கோபிக்கவில்லை. “உங்க ஒரிஜினல் சர்டிபிகேட் எல்லாம் ஆபீஸ்லதான் இருக்கு, ஞாபகம் வெச்சுக்குங்க” என்றாராம், அவ்வளவுதான். இவன் கையெழுத்துப் போட்டான். “என்ன தாத்தா செய்யறது, வேற காலேஜுக்குப் போகணும்னாலும் அது வேணுமே” என்று என்னிடம் சொன்னான்.

கற்பிக்கும் சுதந்திரம் என்றதும் ஏதோ டெல்லியில் பெரிய பேராசிரியர்கள் பெரிய விஷயங்களைப் பேசுவதற்கான உரிமை என்று நினைத்துக்கொள்கிறோம். அதுவும் உண்டு. ஆனால் இந்தக் கருவி இங்கே இல்லை, இந்த மாணவன் தேறவில்லை, இந்தப் புள்ளிவிவரம் பொய் என்று சொல்ல முடிவதும் அதே சுதந்திரம்தான். தம்பி இயந்திரத்தைப் பற்றி உண்மை சொன்னான், அண்ணன் ஆய்வகத்தைப் பற்றி உண்மை சொன்னான். ஒருவன் பின்னால் ஆள் இருந்தது. இன்னொருவனுக்கு இல்லை.

இது ஒரு வீட்டுக் கதை மட்டும் என்று தள்ளிவிட முடியாது. 2024 ஜூலையில் அறப்போர் இயக்கம் வெளியிட்ட தகவல் நினைவிருக்கும். அண்ணா பல்கலைக்கழகத்தில் இணைந்த 224 கல்லூரிகளில் 353 பேர் ஒரே சமயத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட கல்லூரிகளில் முழுநேர ஆசிரியர்களாகக் கணக்குக் காட்டப்பட்டிருந்தார்கள் என்றது அது. ஒரே ஆள் பத்துக்கும் மேற்பட்ட கல்லூரிகளில்! பல்கலைக்கழகமும் முறைகேட்டை ஒப்புக்கொண்டு விசாரணையில் இறங்கியது. எல்லோரும் மோசடியைப் பற்றிப் பேசினார்கள். எனக்கு வேறொன்று உறுத்தியது. அந்தக் கல்லூரிகளில் உண்மையாகவே பாடம் நடத்திக்கொண்டிருந்த ஆசிரியர்கள் இருந்திருப்பார்களே? பக்கத்து நாற்காலிக்கு உரியவர் வந்ததே இல்லை என்பது அவர்களுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? விஷயம் ஆசிரியர் அறையிலிருந்து வெளிவரவில்லை. இணையத்தில் பட்டியலைத் தோண்டிய ஒரு வெளி அமைப்பு வந்துதான் சொல்ல வேண்டியிருந்தது.

சரி, அண்ணன் ஏன் தொழிலாளர் துறைக்குப் போகவில்லை? போக முடியாது. இந்த இடம் கொஞ்சம் சட்டம். ஆனால் நம்மைப் போன்ற குமாஸ்தாக்களுக்குச் சுவையானது.

1947-ஆம் வருடத் தொழில் தகராறு சட்டத்தில் ‘தொழிலாளி’ யார் என்று ஒரு விளக்கம் உண்டு. உடலுழைப்பு, தொழில்நுட்பம், எழுத்தர் வேலை, மேற்பார்வை என்று வரிசையாக வரும். 1978-இல் பெங்களூர் குடிநீர் வாரிய வழக்கில் நீதிபதி கிருஷ்ண ஐயர் அமர்வு, கல்வி நிலையமும் ‘தொழில்’ என்ற சொல்லுக்குள் வரும் என்றது. ஆசிரியர்களுக்கு விடிந்தது என்று நினைத்தார்கள். பத்து வருடம் கழித்து, 1988-இல், கோவாவில் ஒரு தனியார் பள்ளி வேலைநீக்கம் செய்த ஆசிரியை சுந்தராம்பாள் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் மறுபாதியைச் சொன்னது: பள்ளி தொழில்தான், ஆனால் ஆசிரியர் தொழிலாளி அல்ல. கற்பித்தல் புனிதமான பணி, அது எழுத்தர் வேலையிலும் சேராது, தொழில்நுட்ப வேலையிலும் சேராது.

விளைவைப் பாருங்கள். கல்லூரி அலுவலகத்தில் கட்டண ரசீது எழுதும் குமாஸ்தாவை வேலையை விட்டு அனுப்பினால் அவர் தொழிலாளர் நீதிமன்றம் போகலாம். அதே கட்டடத்தில் மாடியில் பாடம் நடத்தும் முனைவர் போக முடியாது. முப்பது வருடத்துக்கு மேல் குமாஸ்தாவாகக் காலம் தள்ளியவன் நான்; ஒரு பேராசிரியரை விட எனக்கு உயர்ந்த இடம் கிடைத்தது சட்டப் புத்தகத்தின் அந்த ஒரு வரியில் மட்டும்தான். இப்போது வந்திருக்கும் புதிய தொழிலுறவுத் தொகுப்பிலும் எழுத்தர் உள்ளே இருக்கிறார். பத்திரிகையாளர் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டிருக்கிறார். ஆசிரியர் இல்லை.

நியாயமாகச் சொன்னால் அந்த நீதிபதிகளுக்கும் மனம் ஒப்பவில்லை. சில நிர்வாகங்கள் ஆசிரியர்களைச் சுரண்டுவது தங்களுக்குத் தெரியும், அவர்களுக்கென்று தனி ஏற்பாடு வேண்டும் என்று அதே தீர்ப்பில் எழுதினார்கள். ‘புனிதம்’ என்று சொல்லிக் கையை விரிப்பதில்தான் நம் ஊருக்கு ஈடில்லை. அரசுக் கல்லூரிகளில் தொகுப்பூதியத்தில், நிரந்தரம் இல்லாமல் காலம் தள்ளுகிறவர்களுக்குக் ‘கௌரவ விரிவுரையாளர்’ என்று பெயர் வைத்ததும் நாம்தானே.

பத்திரிகையாளர் எப்படி உள்ளே வந்தார்? 1955-இல் உழைக்கும் பத்திரிகையாளர் சட்டம் வந்தது. நினைத்தபோது வேலையிலிருந்து தூக்கலாம் என்றால் எவனும் உண்மையை எழுத மாட்டான் என்று சங்கம் வைத்து வாதாடிப் பெற்றார்கள். பணிக்கொடைக் கதையும் இதே மாதிரி. நமக்கெல்லாம் ஓய்வு பெற்றதும் கைக்கு வந்த தொகை அது. தனியார் பள்ளி ஆசிரியர்களுக்குப் பணிக்கொடைச் சட்டம் பொருந்தாது என்று 2004-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வழக்குப் போட்டுத் தோற்றது அகமதாபாத் தனியார் தொடக்கப்பள்ளி ஆசிரியர் சங்கம். ஆனால் விஷயம் அதோடு முடியவில்லை. 2009-இல் நாடாளுமன்றம் சட்டத்தையே திருத்தியது, 1997 ஏப்ரல் 3-ஆம் தேதி முதல் செல்லும்படியாக. பள்ளி நிர்வாகங்கள் எதிர்த்துப் போன வழக்கில் 2022 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் திருத்தம் செல்லும் என்றது. தனி ஆசிரியர் ஒருவர் தோற்றிருந்தால் வழக்கு ஒரு பழைய கட்டில் தூசி படிந்து கிடந்திருக்கும்.

தமிழ்நாட்டிலேயே உதாரணம் இருக்கிறது. தனியார் கல்லூரி நிர்வாகம் காலையில் கூப்பிட்டு ‘நாளையிலிருந்து வர வேண்டாம்’ என்று சொல்லக்கூடிய காலம் ஒன்று இருந்தது. 1976-இல் தமிழ்நாடு தனியார் கல்லூரிகள் ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. உரிய அதிகாரியின் முன் அனுமதி இல்லாமல் ஆசிரியரை நீக்கவோ பதவி இறக்கவோ முடியாது என்றானது. சென்னைப் பக்கம் ஏ.யு.டி., மதுரைப் பக்கம் மூட்டா என்று கல்லூரி ஆசிரியர் சங்கங்கள் சாலையில் நின்ற காலம் அது. அரசு உதவி பெறும் கல்லூரிகளில் அந்தச் சட்டத்துக்குப் பல் உண்டு, ஏனென்றால் சம்பளம் அரசிடமிருந்து வருகிறது, சங்கமும் இருக்கிறது. சுயநிதிப் பொறியியல் கல்லூரிகள் முளைத்தது 1984-க்குப் பிறகு. கவரைப்பேட்டைப் பக்கமும் ஆவடிச் சாலையிலும் திருத்தணி வழியிலும் பஸ்ஸில் போகும்போது வரிசையாகப் பார்க்கிறோமே, அந்தக் கட்டடங்களில் சங்கத்தின் பெயர்ப்பலகை ஒன்றுகூட என் கண்ணில் பட்டதில்லை.

என் பழைய வாசகர்களுக்குத் தெரியும், நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். அங்கே சங்கத்துக்கு ‘சேந்திக்கா’ என்று பெயர். எங்கள் பிரெஞ்சு ஆசிரியர்களே அதில் உறுப்பினர்கள். அதை ஒளித்துப் பேசியதில்லை. 1936 ஜூலை 30-இல் ஆலைத் தொழிலாளர் 12 பேர் சுட்டுக் கொல்லப்பட்ட ஊர் அது, சங்கம் என்ற சொல்லின் விலை எல்லோருக்கும் தெரியும். வரலாற்றுப் பாடத்தில் த்ரேஃபுஸ் வழக்கை விரிவாக நடத்தினார்கள். செய்யாத குற்றத்துக்காகத் தீவுச் சிறைக்கு அனுப்பப்பட்ட ராணுவ அதிகாரி அவர். 1898-இல் எழுத்தாளர் எமில் ஜோலா அவருக்காக வாதாடியதற்குத் தன்மேலேயே வழக்கை வாங்கிக்கொண்டார். அந்த வழக்கில் ஜோலா பக்கம் சாட்சி சொன்னவர்களில் எதுவார் கிரிமோ என்ற வேதியியல் பேராசிரியரும் ஒருவர். பொலித்தெக்னிக் என்ற புகழ்பெற்ற கல்லூரியில் ஆசிரியர். சாட்சி சொன்னதற்காக அவருடைய பதவி பறிபோனது. அரசு ஊழியர் சங்கம் வைக்க அன்றைய பிரான்சில் சட்டம் இடம் தரவில்லை, 1946-இல்தான் அந்த உரிமை முறையாக வந்தது. அதே 1898-இல் மனித உரிமைக் கழகம் ஒன்றைத் தொடங்கினார்கள், கிரிமோவும் அதில் இருந்தார். பின்னாளில், 1984-இல், பிரெஞ்சு அரசியலமைப்பு மன்றம் பல்கலைக்கழகப் பேராசிரியரின் சுயேச்சை அரசியலமைப்புக் கொள்கை என்றே தீர்ப்பளித்தது. இடையில் 86 வருடம்.

அமெரிக்காவிலும் கிட்டத்தட்ட இதே கதைதான். 1900-இல் ஸ்டான்ஃபோர்டில் எட்வர்ட் ராஸ் என்ற பேராசிரியரின் கருத்து பல்கலைக்கழகத்தின் புரவலர் அம்மாளுக்குப் பிடிக்காமல் போய் வெளியேற்றப்பட்டார். அதைக் கண்டித்து ராஜினாமா செய்தவர்களில் ஒருவர் ஆர்தர் லவ்ஜாய். 1915-இல் அமெரிக்கப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சங்கத்தை உருவாக்கியவர்களில் அவர் முக்கியமானவர்.

நம் ஊருக்குத் திரும்புவோம். பெருமாள்முருகன் விவகாரத்தை எல்லோரும் எழுத்தாளர் சுதந்திரம் என்று பேசினார்கள். அவர் நாமக்கல் அரசுக் கல்லூரியில் தமிழ்ப் பேராசிரியர் என்பதை மறந்துவிட்டார்கள். 2010-இல் வந்த ‘மாதொருபாகன்’ நாவலுக்கு 2014 கடைசியில் எதிர்ப்புக் கிளம்பியது. 2015 ஜனவரி 12-ஆம் தேதி அதிகாரிகள் முன்னிலையில் நடந்த கூட்டத்தில், மன்னிப்புக் கேட்டுப் புத்தகத்தைத் திரும்பப் பெறுவதாக எழுதிக் கொடுக்க வேண்டியதாயிற்று. எழுத்தாளன் இறந்துவிட்டான், இனி வெறும் ஆசிரியராக மட்டும் வாழ்வேன் என்ற பொருளில் அறிவித்தார். எனக்குப் பெரிய வருத்தம் அந்த ‘வெறும் ஆசிரியர்’ என்பதில்தான். ஆசிரியர் என்றால் வாய் திறக்காதவர் என்று நாமெல்லாம் சேர்ந்து ஆக்கிவைத்திருக்கிறோம்.

ஒற்றை மனிதர் கையெழுத்துப் போட்டுவிட்டார், இனி என்ன செய்ய முடியும்? தமிழ்நாடு முற்போக்கு எழுத்தாளர் கலைஞர்கள் சங்கம் நீதிமன்றம் போனது. வழக்கே அதன் தலைவர் ச. தமிழ்ச்செல்வன் பெயரில்தான். அவரும் நம்மைப் போல அரசுச் சம்பளக்காரர், தபால் துறை. 2016 ஜூலை 5-ஆம் தேதி சென்னை உயர் நீதிமன்றம், அந்தக் கூட்டத்தில் எழுதி வாங்கியது யாரையும் கட்டுப்படுத்தாது, அவர் மறுபடி எழுதட்டும் என்று தீர்ப்புச் சொன்னது. பாதிக்கப்பட்டவர் சோர்ந்துபோய் உட்கார்ந்துவிட்ட பிறகும் அவருக்காக எழுந்து நிற்க முடிவது ஒரு சங்கத்தால்தான். இன்னொன்றும் கவனியுங்கள். அவர் அரசு ஊழியர் என்பதால் சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போனார்; சம்பளம் நிற்கவில்லை. எங்கள் தெரு அண்ணன் இருக்கும் கல்லூரியில் அவர் இருந்திருந்தால்?

அரசு வேலையில் பணியமைப்புப் பிரிவில் பல வருடம் உட்கார்ந்தவன் என்ற முறையில் ஒன்று சொல்வேன். 17(ஏ), 17(பி) என்றாலே நம்மவர்களுக்கு வயிறு கலங்கும். குற்றச்சாட்டுக் குறிப்பாணை, விளக்கம், விசாரணை அதிகாரி, விசாரணை அறிக்கையின் நகல், மேல் விளக்கம், ஆணை, மேல்முறையீடு. ஒரு கோப்பு முடிய மூன்று வருடம் ஆகும் என்று ஊரே கேலி பேசும். அந்த மூன்று வருடம்தான் கேடயம் என்பது, அது இல்லாத ஒருவரைப் பார்த்தால்தான் புரிகிறது. இந்தப் படிகள் ஒவ்வொன்றையும் கேட்டு வாங்கியது யார்? எந்த அதிகாரியும் தானாகக் கொடுத்ததாக நான் எந்தக் கோப்பிலும் படிக்கவில்லை.

சங்கத்தைப் பற்றி எனக்கு மயக்கம் ஒன்றும் இல்லை. 2003 ஜூலை வேலைநிறுத்தத்தை நம்மில் யாரும் மறக்க மாட்டோம். ஏறத்தாழ 1,70,000 அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். முதல் நாள் தொண்டை கிழிய முழங்கியவர்கள் மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்துத் திரும்பியதைக் கண்ணால் பார்த்தேன். ஆகஸ்ட் 6-இல் அரசு ஊழியருக்கு வேலைநிறுத்த உரிமையே கிடையாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. வகுப்புக்கே போகாத ஆசாமியைச் சங்கத் தலைவர் காப்பாற்றியதும் உண்டு. கட்சிக்கொரு சங்கமாக உடைந்து, யார் முதலில் மனுக் கொடுப்பது என்று சண்டை போட்டதும் உண்டு. ஆசிரியர் சங்கங்கள் ஊதியக் குழு என்றால் திரளும் கூட்டத்தில் பாதியைக்கூட ஒரு சக ஆசிரியரின் புத்தகத்துக்காகத் திரட்டுவதில்லை என்பது என் பெரிய குறை. ஆனால் வைத்தியர் சரியில்லை என்றால் வேறு வைத்தியரிடம் போகிறோம், வைத்தியமே வேண்டாம் என்றா இருக்கிறோம்?

‘வாத்தியாருக்குச் சங்கம் அழகல்ல’ என்பவர்களுக்கு ஒரு தகவல். திருவள்ளூர் ரயிலில் சென்ட்ரல் போகும்போது பெரம்பூரைத் தாண்டுகிறோம். அங்கே பின்னி ஆலைத் தொழிலாளருக்காக 1918-இல் தொடங்கிய சென்னைத் தொழிலாளர் சங்கம் இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று சொல்லப்படுகிறது. அதன் துணைத் தலைவர் திரு.வி.க. அதற்கு முன் அவர் பார்த்த வேலை தமிழாசிரியர்.

நம் மாவட்டத்துப் பெருமை ராதாகிருஷ்ணன், திருத்தணியில் பிறந்தவர். செப்டம்பர் 5 வந்தால் எல்லாக் கல்லூரியிலும் அவர் படத்துக்கு மாலை, ஆசிரியர்களுக்குப் பேனாவும் பூவும். 1948-49 பல்கலைக்கழகக் கல்விக் குழுவுக்குத் தலைமை வகித்து அவர் கொடுத்த அறிக்கையில், பணம் கொடுக்கிறோம் என்பதற்காக அரசு பல்கலைக்கழகத்தின் கல்விக் கொள்கையைக் கட்டுப்படுத்தக் கூடாது, தடையற்ற ஆராய்ச்சி மனப்பான்மை வேண்டும் என்று வாதிட்டிருக்கிறது. அரசுக்கே அது பொருந்தும் என்றால், கட்டணம் வாங்கி நடத்தும் அறக்கட்டளைக்குப் பொருந்தாதா? 1997-இல் யுனெஸ்கோ உயர்கல்வி ஆசிரியர்களின் நிலை பற்றி வெளியிட்ட பரிந்துரை, கல்விச் சுதந்திரம், பணிப் பாதுகாப்பு, சங்கம் வைத்துப் பேரம் பேசும் உரிமை மூன்றையும் ஒரே ஆவணத்தில் வைத்தது. பேனாவோடு அதன் நகல் ஒன்றும் கொடுக்கலாம்.

தனியார் கல்லூரி ஆசிரியர்கள் என்ன செய்ய முடியும்? தொழிலாளர் அதிகாரியின் கதவு மூடியிருந்தாலும் அரசியல் சாசனத்தின் 19(1)(சி) பிரிவு தரும் சங்கம் அமைக்கும் உரிமையை எந்தத் தீர்ப்பும் எடுத்துவிடவில்லை. ஒரே கல்லூரிக்குள் ஏழு பேர் கூடினால் ஏழு பேரையும் அனுப்பிவிடுவார்கள்; ஆகவே மாவட்டம் முழுவதற்கும், முடிந்தால் மாநிலம் முழுவதற்கும் ஒன்றாக இருக்க வேண்டும். நிர்வாகத்திடம் பேசும் பொறுப்பாளர் வெளியாளாக, என்னைப் போல் ஓய்வு பெற்ற ஒருவராக இருக்கலாம். அவரை எந்த வேலையிலிருந்தும் நீக்க முடியாது. முதல் கோரிக்கை சம்பளம் வேண்டாம். அசல் சான்றிதழைத் திருப்பிக் கொடு, எழுத்தில் காரணம் சொல்லாமல் விசாரிக்காமல் நீக்காதே, இந்த இரண்டும் போதும். மற்றதெல்லாம் அதன் பிறகு தானாகப் பேச வரும்.

நமக்கும் ஒரு வேலை இருக்கிறது. மே, ஜூனில் பேரப்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கல்லூரி கல்லூரியாக ஏறி இறங்குகிறோம். விடுதிச் சாப்பாடு எப்படி, பஸ் எதுவரை வரும், வேலைவாய்ப்பு எத்தனை சதவீதம் என்று விசாரிக்கிறோம். சேர்க்கை மேசையில் உட்கார்ந்திருப்பவரிடம் இன்னும் இரண்டு கேள்வி கேளுங்கள்: இங்கே ஆசிரியர்களுக்குச் சங்கம் இருக்கிறதா, அவர்களுடைய அசல் சான்றிதழ்கள் யாரிடம் இருக்கின்றன? நான் போன வருடம் பேத்திக்காகப் போனபோது மூன்று இடத்தில் கேட்டேன். இரண்டு இடத்தில் ‘எதுக்கு சார் கேக்கறீங்க’ என்றார்கள். மூன்றாவது இடத்தில் அந்தப் பெண் சுற்றிலும் ஒரு முறை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, “சார், நீங்க ரிட்டயர்டா?” என்று கேட்டாள்.